வானொலிப் பெயர்களின் வரவு செலவு

2012ஆம் ஆண்டு குமுலஸ் மீடியா என்ற அமெரிக்க நிறுவனம் நியூயார்க் நகரில் கேட்கும் 94.7 எஃப்எம் அலைவரிசையை வாங்க ஒப்பந்தம் போட்டது. விலை 4 கோடி டாலர். அதோடு தன்னிடமிருந்த சிறிய நிலையம் ஒன்றையும் மாற்றாகக் கொடுத்தது. அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன், 1999இல், அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் கேஎன்ஐஎக்ஸ் என்ற எஃப்எம் நிலையம் 8.4 கோடி டாலருக்குக் கைமாறியிருந்தது. 2010 கணக்கெடுப்பில் நியூயார்க் பெருநகரப் பகுதியின் மக்கள்தொகை சுமார் 1.89 கோடி. 2000 கணக்கெடுப்பில் ஃபீனிக்ஸ் பகுதியில் இருந்தவர்கள் சுமார் 32.5 லட்சம். வகுத்துப் பார்த்தால் நியூயார்க்கில் தலைக்கு 2 டாலர் சொச்சம். ஃபீனிக்ஸில் தலைக்கு ஏறக்குறைய 26 டாலர்.

பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். இதில் ஒரு பகுதிக்குக் காரணம் காலம். 1990களின் இறுதியில் அமெரிக்க வானொலி நிலையங்களின் விலை உச்சத்தில் இருந்தது. 2012க்குள் பொருளாதார மந்தமும் இணையமும் சேர்ந்து அதைக் கீழே இழுத்துவிட்டன. ஆனால் காலம் மட்டுமே காரணமில்லை. நியூயார்க்கில் குமுலஸ் வாங்கியது ஒரு கிறிஸ்தவ மத ஒலிபரப்பு நிறுவனத்தின் வெறும் அலைவரிசை. ஃபீனிக்ஸில் விற்கப்பட்டது, அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரிக்கென நடந்த, பெயரும் நேயர்களும் உள்ள ஒரு நிலையம். அதை 1960களின் பிற்பகுதியிலிருந்து நடத்திவந்தவர் பக் ஓவன்ஸ், அந்த இசையின் பெரிய பாடகர்களில் ஒருவர். ஒலிபரப்புக் கருவிக்குக் கணக்கேட்டில் விலை போடலாம், உரிமத்துக்கும் போடலாம். ஊர்க்காரர்கள் காரில் ஏறியதும் கை தானாகத் திருப்பும் அந்தப் பழக்கத்துக்கு என்ன விலை? கன்ட்ரி வானொலியின் 100 ஆண்டு வரலாற்றைப் புள்ளிவிவரங்களோடு பார்த்தால், பெரும்பணம் கையில் இருந்தவர்கள் இந்தக் கேள்வியில்தான் மீண்டும் மீண்டும் தவறான விடை எழுதியிருக்கிறார்கள்.

தொடக்கத்தில் பெயர் என்பதே விளம்பரம்தான். 1924 ஏப்ரலில் சிகாகோவில் தொடங்கிய டபிள்யூஎல்எஸ், சியர்ஸ் என்ற சில்லறை வணிக நிறுவனத்துடையது. ‘உலகின் மிகப் பெரிய கடை’ என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். 1925 அக்டோபர் 5 அன்று டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் டபிள்யூஎஸ்எம் தொடங்கியது. அதன் உரிமையாளர் நேஷனல் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம். ‘லட்சக்கணக்கானோருக்கு நாங்களே கேடயம்’ என்ற அதன் முழக்கத்திலிருந்து எழுத்துகள் வந்தன. நவம்பர் 28 அன்று 77 வயது பிடில் கலைஞர் அங்கிள் ஜிம்மி தாம்சன் ஒலிவாங்கி முன் அமர்ந்தார். அதிலிருந்து தொடங்கிய சனிக்கிழமை இரவு நிகழ்ச்சிக்கு 1927 டிசம்பரில் கிராண்ட் ஓல் ஆப்ரி என்று பெயர் விழுந்தது. இன்றுவரை அந்தப் பெயர் மாறவில்லை.

காப்பீட்டு நிறுவனத்துக்கு ஏன் பிடில்? வாரம் சில சென்ட் தவணை கட்டும் தொழிலாளர் குடும்பங்களும் விவசாயக் குடும்பங்களும்தான் அதன் வாடிக்கையாளர்கள். வாசலில் வந்து நிற்கும் முகவரைவிட, சனிக்கிழமை இரவு வானொலியில் வந்த பாட்டு அந்த வீட்டுக்குள் முன்பே நுழைந்திருந்தது. முகவர் அதன் பெயரைச் சொன்னால் கதவு திறந்தது. பெயருக்குப் போட்ட முதல் எவ்வளவு, அது கொண்டுவந்த தவணை எவ்வளவு என்று அந்த நிறுவனத்துக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் 1,000 வாட்டில் தொடங்கிய நிலையத்தை 7 ஆண்டுகளில் 50,000 வாட்டுக்கு உயர்த்தியிருக்காது.

1932இல் எழுப்பிய கோபுரத்தின் கணக்கு சுவையானது. வைர வடிவத்தில், நடுவில் அகன்று இரு முனைகளிலும் குறுகிய அந்த எஃகுக் கோபுரத்தின் உயரம் 878 அடி, அதாவது சுமார் 268 மீட்டர். டபிள்யூஎஸ்எம் ஒலிபரப்பும் 650 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 461 மீட்டர். அதில் பாதி 230. அந்தப் பாதியைவிடக் கோபுரம் மிக உயர்ந்துபோனதால், வானில் பட்டுத் திரும்பும் அலையும் நிலத்தோடு போகும் அலையும் தொலைவில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. உயரம் கூடினால் தூரம் கூடும் என்ற கணக்கு ஓர் எல்லைக்குமேல் செல்லாது. 1939இல் 70 அடியைக் குறைத்து 808 அடியாக்கினார்கள், அதாவது 246 மீட்டர். இன்றும் அந்தக் கோபுரத்திலிருந்துதான் ஒலிபரப்பு. அதே 1939இல்தான் ஆப்ரி நிகழ்ச்சிக்கு 25 சென்ட் நுழைவுக் கட்டணம் வந்தது. காசு சேர்ப்பது நோக்கமல்ல, கூட்டத்தைக் குறைக்க. கூட்டம் குறையவில்லை.

முழுநேரக் கன்ட்ரி நிலையம் என்பது பிற்பாடு வந்தது. ஆப்ரி போன்றவை வாரத்தில் ஓர் இரவின் நிகழ்ச்சிகள். மற்ற நேரத்தில் அந்த நிலையங்களில் செய்தி, நாடகம், நடன இசை எல்லாம் ஒலித்தன. நாள் முழுக்கக் கன்ட்ரி என்று முதலில் துணிந்த நிலையமாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது டெக்சாஸின் லபக் ஊரில் 1953இல் தொடங்கிய கேடிஏவி. 1958இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் அமைந்து, விளம்பரதாரர்களிடம் போய் இந்த நேயர்களுக்கும் வாங்கும் சக்தி உண்டு என்று வாதாடத் தொடங்கியது. 1961இல் அது எண்ணிய முழுநேர நிலையங்கள் 81. 1969இல் 606. எட்டே ஆண்டுகளில் ஏழரை மடங்கு! இன்று 2,000க்கும் அதிகம். அமெரிக்காவின் வணிக நிலையங்கள் ஏஎம், எஃப்எம் சேர்த்துச் சுமார் 11,000. ஐந்தில் ஒன்று கன்ட்ரி என்றாகிறது. எண்ணிக்கையில் வேறெந்த இசை வகைக்கும் இவ்வளவு நிலையங்கள் கிடையாது. ஆனால் இவற்றில் மிகப் பல சிற்றூர் நிலையங்கள் என்பதை மறந்து இந்த எண்ணைப் படிக்கக் கூடாது. பல லட்சம் பேர் வாழும் பெருநகரில் ஒன்றோ இரண்டோ. சில காலம் அதுவும் இல்லை.

நிலையங்கள் பெருகியபோது பெயருக்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. நேயர் எண்ணிக்கையை அளந்த ஆர்பிட்ரான் நிறுவனம் வீடுகளுக்கு ஒரு சிறு நாட்குறிப்பை அனுப்பும். ஒரு வாரம் எந்த நிலையத்தை எவ்வளவு நேரம் கேட்டீர்கள் என்று அதில் கையால் எழுத வேண்டும். நினைவிலிருந்து எழுதுவதுதான் இதில் சிக்கல். நாள் முழுக்கக் கேட்டிருந்தாலும் பெயர் மறந்துபோனால் அந்த நிலையத்துக்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாவிட்டால் விளம்பரக் கட்டணம் இறங்கும். டபிள்யூ, கே என்று தொடங்கும் நான்கெழுத்துக் கோவைகளை யார் நினைவில் வைப்பார்? அப்படித்தான் விலங்குகள் வானொலிக்குள் புகுந்தன.

டல்லஸின் கேபிஎல்எக்ஸ் 1998இல் ‘99.5 தி உல்ஃப்’ ஆனது: ஓநாய். பிற ஊர்களில் கரடி, காளை, பூனை. பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் பகுதியில் 101.3இல் ஒலிக்கும் டபிள்யூஜிஜிஒய் நிலையத்தின் பெயர் ‘ஃப்ராகி 101’, அதாவது தவளை. தவளைப் பெயர் கொண்ட நிலையங்களில் அறிவிப்பாளர்களும் தவளை, குட்டை சார்ந்த புனைபெயர்களிலேயே பேசுவார்கள். இவை சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். நாட்குறிப்பில் ‘தவளை’ என்று ஒரு சொல் எழுதினால் போதும், மதிப்பெண் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடும் என்பதை நினைத்தால், இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வணிகத் தந்திரம் வானொலியில் குறைவு. ‘தி ஆபிஸ்’ தொலைக்காட்சித் தொடரில் ஒரு பாத்திரத்தின் மேசைப் பக்கம் ஒட்டியிருந்த ஃப்ராகி 101 ஒட்டுப்படத்தால் அந்தச் சிற்றூர் நிலையம் உலகுக்கே தெரிந்தது.

2007 முதல் பெரிய நகரங்களில் நாட்குறிப்புக்குப் பதில் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் மின்கருவி வந்தது. ஒலியில் பொதிந்த, காதுக்குக் கேட்காத குறியீட்டை அது தானே பிடித்துக்கொள்ளும். பெயரை நினைவில் வைக்கும் சுமை அங்கே நேயரிடமிருந்து நீங்கியது. சிற்றூர்களில் இன்னும் நாட்குறிப்புதான். ஓநாயும் தவளையும் அங்கே இன்றும் சம்பளத்துக்கு உழைக்கின்றன.

பெயர்களின் கணக்கு புரண்டது 1996இல். பிப்ரவரி 8 அன்று கையெழுத்தான தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு முன், ஒரு நிறுவனம் நாடு முழுக்க 20 ஏஎம், 20 எஃப்எம் என 40 நிலையங்களுக்குமேல் வைத்திருக்க முடியாது. சட்டம் அந்தத் தேசிய வரம்பை நீக்கியது. பெரிய நகரம் ஒன்றில் 8 நிலையங்கள்வரை அனுமதித்தது. சுமார் 40 நிலையங்கள் வைத்திருந்த கிளியர் சேனல் ஆறே ஆண்டுகளில் 1,200ஐத் தாண்டியது. எல்லாம் கடன். ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே நிறுவனம் 2018 மார்ச்சில் சுமார் 2,000 கோடி டாலர் கடனோடு திவால் பாதுகாப்பு கேட்டது. குமுலஸ் 2011இல் சிட்டடல் நிறுவனத்தைச் சுமார் 240 கோடி டாலருக்கு வாங்கி, 2017 நவம்பரில் அதே வாசலுக்கு வந்து நின்றது. வட்டி கட்ட வேண்டியவர்கள் எங்கே வெட்டுவார்கள்? கோபுரத்தை வெட்ட முடியாது. மின்கட்டணத்தை வெட்ட முடியாது. ஆள்களை வெட்டலாம். ஓர் ஊரில் உட்கார்ந்து பதிவுசெய்த குரலைப் பத்து ஊர்களுக்கு அனுப்பலாம். பெயர் மட்டும் பழையபடியே இருக்கும்.

அதன் விலையை வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரம் கண்டது. மக்கள்தொகை சுமார் 36,000. அங்கிருந்த 6 வணிக வானொலி நிலையங்களும் கிளியர் சேனலுடையவை. 2002 ஜனவரி 18 அதிகாலை ஒன்றரை மணிக்குமேல் ஊருக்கு வெளியே சரக்கு ரயில் தடம்புரண்டு, 2 லட்சம் காலனுக்குமேல் அமோனியா கசிந்தது. ஒருவர் இறந்தார், 300 பேருக்குமேல் பாதிக்கப்பட்டனர். வெண்மேகம் ஊர்மேல் படியும்போது காவல்துறை வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தது, யாரும் எடுக்கவில்லை. நெருக்கடி அறிவிப்புக் கருவியைக் காவல்துறைதான் சரியாக இயக்கவில்லை என்று நிறுவனம் பதில் சொன்னது. அந்தத் தர்க்கம் எப்படி முடிந்தாலும், நள்ளிரவில் ஒரு மனிதர் நிலையத்தில் இருந்திருந்தால் தொலைபேசியை எடுத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஓர் இரவுப் பணியாளரின் சம்பளம் எந்தக் கணக்கேட்டிலும் பெரிய தொகையல்ல.

அமெரிக்க ஒலிபரப்பு விதிகளின்படி ஒவ்வொரு நிலையமும் மணிக்கு ஒருமுறை தன் அழைப்பெழுத்துகளையும் உரிமம் பெற்ற ஊரின் பெயரையும் சொல்லியாக வேண்டும். நாளுக்கு 24, ஆண்டுக்கு 8,760 முறை. ஊர்ப்பெயரை இத்தனை முறை உச்சரிக்கும் கடமை வேறெந்தத் தொழிலுக்கு உண்டு? ஊரில் ஆளே இல்லாமல் அதைச் சொல்வது வெறும் சடங்கு.

இனி 94.7க்கு வருவோம். 2013 ஜனவரி 21 அன்று குமுலஸ் அங்கே ‘நாஷ் எஃப்எம்’ தொடங்கியது. 1996இல் 103.5 எஃப்எம் நிலையம் கன்ட்ரியைக் கைவிட்ட பிறகு 17 ஆண்டுகள் நியூயார்க் நகருக்குள் அந்த இசைக்கென ஒரு பெரிய எஃப்எம் நிலையம் இருக்கவில்லை. ஆகவே அந்தத் தொடக்கம் உண்மையிலேயே வரவேற்கத்தக்கது. பிழை அடுத்த படியில் நடந்தது. நாஷ் என்பதை நாடு தழுவிய ஒற்றைப் பெயராக்கிவிட நிறுவனம் முயன்றது. பத்திரிகை வந்தது, 2014இல் ‘நாஷ் ஐகான்’ என்ற துணைப்பெயரும் அதே பெயரில் இசைத்தட்டு நிறுவனமும் வந்தன. ஊர் ஊராகப் பழைய பெயர்கள் அழிக்கப்பட்டன. நாஷ்வில்லில் டபிள்யூஎஸ்எம் எஃப்எம் நிலையம் 2003இல் இன்னொரு நிலையத்தோடு சேர்த்துச் சுமார் 6.5 கோடி டாலருக்குக் குமுலஸிடம் போயிருந்தது. அது முதலில் ஓநாயாகி, பிறகு நாஷ் ஐகான் ஆனது. தங்களிடமிருந்த டல்லஸ் ஓநாயை அவர்களே தொடவில்லை. அது சம்பாதித்துக்கொண்டிருந்த பெயர். நாஷைவிட அங்கே ஓநாய்க்கு மதிப்பு அதிகம் என்று அந்த நிறுவனத்துக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2019இல் குமுலஸ் 94.7ஐ வேறு நகர நிலையங்களுக்கு மாற்றாக மற்றொரு நிறுவனத்திடம் கொடுத்தது. நாஷ் என்ற சொல் பிற்பாடு கழற்றப்பட்டது. 2021 அக்டோபரில் கன்ட்ரியே போய் ஹிப்ஹாப் வந்தது. மற்ற ஊர்களில் நாஷ் பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கி, ஊர்ப்பெயர்களும் பழைய பெயர்களும் திரும்பின. ஒன்பது ஆண்டுகூட நிற்காத ஒரு பெயருக்காக 20, 30 ஆண்டு பழகிய பெயர்களை அழித்ததை நட்டக் கணக்கில் எந்த வரியில் எழுதுவது? தேய்மானத்துக்கு வரி உண்டு, கடன் வட்டிக்கு வரி உண்டு. இதற்கு இல்லை.

மாறாக டபிள்யூஎஸ்எம் ஏஎம் தப்பியது நேயர்களால். 2001 இறுதியில் அதன் உரிமையாளர் அதை விளையாட்டுப் பேச்சு நிலையமாக மாற்ற யோசித்தபோது ரசிகர்களும் கலைஞர்களும் நிலையத்தின் முன் திரண்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 2022இல் ஆப்ரி, ரைமன் அரங்கம் முதலியவற்றை நடத்தும் நிறுவனத்தில் வெறும் 30 விழுக்காட்டுப் பங்குக்கு 29 கோடி டாலருக்குமேல் விலை கிடைத்தது. அரங்கங்களும் கட்டடங்களும் அதில் அடக்கம் என்றாலும், 1927இல் வைத்த பெயரை எடுத்துவிட்டால் அந்த விலை வராது.

பெயருக்கு இவ்வளவு மதிப்பு. குரலுக்கு? ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடம், பேச்சு 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 45 நிமிடத்தில் மூன்றரை நிமிடப் பாடல்கள் சுமார் 13 பிடிக்கும். நாளுக்கு 312. ஆண்டிறுதிக் கன்ட்ரி ஒலிபரப்புப் பட்டியல்களில் பெண்களின் பாடல்கள் 2000இல் 33.3 விழுக்காடு, 2018இல் 11.3 என்று இசை ஆய்வாளர் ஜேடா வாட்சன் கணக்கிட்டார். அந்த விகிதத்தை நம் 312இல் பொருத்தினால் 104 பாடல் 35 ஆகச் சுருங்குகிறது. 2015இல் கீத் ஹில் என்ற வானொலி ஆலோசகர், பெண் குரல்களைக் குறைத்தால் நேயர் கூடுவார்கள் என்றும், சாலட்டில் பெண்கள் தக்காளி போன்றவர்கள் என்றும் தொழில்முறை இதழுக்குச் சொன்னார். வாயால் சொன்னவர் அவர். பட்டியலில் செய்து காட்டியவர்கள் ஏராளம். 2024 பிப்ரவரியில் ஓக்லஹோமாவின் ஏடா ஊர்க் கன்ட்ரி நிலையம் ஒன்று பியான்சேயின் புதிய கன்ட்ரிப் பாடலை முதலில் மறுத்து, எதிர்ப்பு எழுந்ததும் சேர்த்துக்கொண்டது. 2019இல் லில் நாஸ் எக்ஸின் ‘ஓல்ட் டவுன் ரோடு’ நாட்டின் பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது; கன்ட்ரி வானொலிப் பட்டியலில் 50ஆம் இடத்தைத் தாண்டவில்லை. இரண்டு கலைஞர்களும் கறுப்பினத்தவர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாத்தியத்திலிருந்து பிறந்த பான்ஜோவைத் தன் அடையாளமாக வைத்திருக்கும் இசை இது.

ஒலிபரப்பப்படும் பாடலுக்காவது பாடியவருக்குப் பணம் போகிறதா? போவதில்லை. அமெரிக்கத் தரைவழி வானொலி, பாடலை எழுதியவர்களுக்கே உரிமைத்தொகை தருகிறது. அதை ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற சங்கங்கள் வசூலிக்கின்றன. பெரிய இரண்டு சங்கங்களுக்கும் முந்தைய ஒப்பந்தங்களின்படி வருமானத்தில் தலா 1.7 முதல் 1.8 விழுக்காடு போனது. அந்தக் கணக்கில் 10 லட்சம் டாலர் ஈட்டிய சிற்றூர் நிலையம் இவ்விரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 35,000 டாலர் தந்திருக்கும். பாடியவருக்கு, பிடில் வாசித்தவருக்கு: 0. அதே பாடலைச் செயற்கைக்கோள் வானொலியில் ஒலிபரப்பினால் சிரியஸ்எக்ஸ்எம் தன் வருமானத்தில் 15.5 விழுக்காடு ஒதுக்க வேண்டும். அதில் 45 விழுக்காடு முதன்மைக் கலைஞருக்கு, 5 விழுக்காடு பக்கக் கலைஞர்களுக்கு, மீதிப் பாதி ஒலிப்பதிவு உரிமையாளருக்கு. தரைவழி வானொலியும் இதுபோல் தர வேண்டும் என்ற மசோதா 2021இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வந்தது, 2023இல் மீண்டும் வந்தது, நிறைவேறவில்லை. அதன்படி ஆண்டு வருமானம் 15 லட்சம் டாலருக்குக் குறைந்த சிறு நிலையங்கள் கட்ட வேண்டியது ஆண்டுக்கு 500 டாலர் மட்டுமே. எங்கள் ஒலிபரப்பே கலைஞருக்கு இலவச விளம்பரம் என்பது நிலையங்களின் வாதம். 1925இல் அது ஓரளவு பொருந்தியிருக்கலாம். இன்று அந்த வாதத்தை நான் ஏற்கமாட்டேன்.

மீண்டும் பெயர்களுக்கே வருவோம். 2006 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் கேஇசட்எல்ஏ நிலையம் கன்ட்ரியை விட்டது. அந்த மாபெரும் நகரில் கன்ட்ரி எஃப்எம் இல்லாமல் போனது. அடுத்த ஆண்டே அந்த இடத்தை நிரப்பியவர் சால் லெவின் என்ற தனி உரிமையாளர். 105.1 அலைவரிசையை 1959இல் அவரே தொடங்கினார். கன்ட்ரிக்கு மாறியபோது ‘கோ கன்ட்ரி 105’ என்று பெயர் வைத்தார். எந்தத் தேசியப் பெயரையும் ஒட்டவில்லை, யாருக்கும் விற்கவுமில்லை. 4 கோடி டாலர் கொடுத்து வாங்கிய நியூயார்க் அலைவரிசையில் கன்ட்ரி ஒன்பது ஆண்டுக்குள் ஓய்ந்தது. லெவின் தொடங்கியது அதைவிட நீண்டகாலம் நின்றுவிட்டது.